பாட்டு வருது, மாத்திரை போடு

என் தம்பி செத்த பிறகுதான் அவன் எவ்வளவு பெரிய வாயாடி என்று எனக்குத் தெரிந்தது. உயிரோடு இருந்தவரை ஐயா வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். காஞ்சன்பாகில் ஒரு ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில், கான்ட்ராக்டரின் ஆளாக, கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. என்ன கருவி என்று கேட்டால், "அதெல்லாம் சொல்லக்கூடாதுக்கா" என்பான். "ஆமாண்டா, நான் உடனே எதிரி நாட்டுக்குப் போன் போட்டுச் சொல்லப் போறேன்" என்பேன். சிரிப்பான், அவ்வளவுதான். அங்கே பழகிய வாய்ப்பூட்டை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான் என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள்.

அல்வாலில் அம்மாவும் அவனும் ஒரு வீட்டில் இருந்தார்கள். அடுத்த தெருவில் நானும் என் மகளும். வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கோபம் வந்தால் தக்கனி உருது. என் மகளுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது, எழுத்து சுத்தமாகத் தெரியாது. அம்மா மட்டும் தமிழ்ப் படம் இல்லாமல் ஒரு நாள் இருக்கமாட்டாள்.

அந்த அம்மாவுக்குக் காது போனது. ஒரு விஷக்காய்ச்சல் வந்து, பிழைத்து எழுந்தபோது இரண்டு காதும் அடைத்துவிட்டன. மெஷின் வாங்கி வைத்தோம். "இரைச்சல்தான் கேக்குது, பேச்சு கேக்கல" என்று கழற்றிச் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். வாசல் மணி அடித்தால் ஹாலில் சிவப்பு பல்பு எரியும்படி தம்பி ஒன்று செய்து மாட்டினான். பேச வேண்டியதைப் போனில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டுவோம். நான் நிதானமாக வாயசைத்தால் கொஞ்சம் புரிந்துகொள்வாள். ஆனால் படம்? டிவி முன்னால் உட்கார்ந்து வாயசைப்பவர்களைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். 

படங்களுக்கு அடியில் ஆங்கிலத்தில் எழுத்து வரும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே எழுத்துப் போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? என் தம்பிக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஒரு வரி கேட்பான், நிறுத்துவான், எழுதுவான், மறுபடி ஓட்டுவான். கல்யாணமும் வேண்டாம், கத்தரிக்காயும் வேண்டாம் என்று இப்படிக் கிடக்கிறானே என்று நான் திட்டாத நாள் இல்லை.

படங்களை அவன் எடுத்தது இணையத்தில் ஒரு பகிர்வுக் கூட்டத்திலிருந்து. முகம் தெரியாத ஆட்கள் ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொருவர் படத்தை எடுத்துக்கொள்வார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டாம்: எடுத்தவன் ஓடிவிடக் கூடாது. மற்றவர்கள் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்வதற்காகத் தன் கம்ப்யூட்டரையும் திறந்து வைத்திருக்க வேண்டும். தம்பி இதில் மகா யோக்கியன். எடுத்தான், அடியில் தமிழ் எழுதினான், எழுதியதோடு சேர்த்துத் திருப்பி வைத்தான். காது கேட்காதவர்கள் வீடுகளில் அதைத் தேடிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள் என்று ஒரு தடவை சொன்னான். அவன் எங்களிடம் பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

ஒரு படக் கம்பெனி புகார் கொடுத்தது. போலீஸ் வந்து கம்ப்யூட்டரையும் அதோடு இருந்த எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா நடுவில் நின்று, "ஏம்ப்பா, என்னப்பா" என்று ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேஸ் நடந்தது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. அப்பீல் போட்டதால் சிறைக்குப் போகவில்லை, ஆனால் காஞ்சன்பாகில் கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். தண்டனை பெற்றவனை அந்த கேட்டுக்குள் எப்படி விடுவார்கள்? தம்பி அல்வாலிலேயே ஒரு கடையில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேருக்குப் போனான்.

அப்பீல் செஷன்ஸ் கோர்ட்டில் கிடந்தது. வாய்தா, வாய்தா, வாய்தா. ஒரு நாள் காலை வாய்தாவுக்குக் கிளம்ப ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு வக்கீல் கோர்ட்டில் போய், வரவேண்டிய ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள்.

வக்கீல் சைனிக்புரியில் இருப்பவள். அப்பா ராணுவத்தில் இருந்தவர், அவர் கட்டிய வீட்டின் முன்னறைதான் அவளுக்கு ஆபீஸ். தெலுங்குக்காரி, தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனால் நல்லவள். காரியமெல்லாம் முடிந்து நான் போனபோது விஷயத்தைச் சொன்னாள். அப்பீல் போட்டவர் இறந்தால் அப்பீலும் அவரோடு முடிந்துவிடுமாம். கீழ்க்கோர்ட் தீர்ப்பு அப்படியே நிற்குமாம். நெருங்கிய சொந்தம் யாராவது ஒரு மாதத்துக்குள் மனுப் போட்டால் மட்டும் தொடரலாம். "பெத்தவங்க போடலாம், கூடப் பிறந்தவங்களும் போடலாம். யோசிச்சுச் சொல்லுங்க மேடம்" என்றாள்.

யோசிக்க என்ன இருக்கிறது? செத்தவனை எந்த ஜெயிலில் போடப் போகிறார்கள்? போதும்டா சாமி என்றுதான் எனக்கு இருந்தது. அம்மாவிடம் போனில் அடித்துக் காட்டினேன். படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தாள். காது போனதிலிருந்து அவளுக்குக் குரலின் அளவு தெரியாது, தெருவுக்கே கேட்கும்.

"என் பிள்ளை திருடன்னு இந்த ஊர்ல ஒரு காகிதம் இருக்கக்கூடாது. அதைக் கிழிச்சுட்டு வா."

"கோர்ட்டுக் காகிதத்தை நான் எங்கம்மா போய்க் கிழிப்பேன்?" என்று வாயசைத்தேன்.

"அப்ப கோர்ட்டையே கிழிக்கச் சொல்லு."

கையெழுத்துப் போட்டேன். இறந்துபோன மேல்முறையீட்டாளரின் அக்கா என்று டைப் அடித்திருந்த வரிக்குக் கீழே என் கையெழுத்து. அதுவரை நான் கோர்ட் வாசலில் நிற்கும் அக்கா. அன்றிலிருந்து அவன் இடத்தில் நிற்பவள் நான்.

வீடோ வெறிச்சோடிக் கிடந்தது. நாங்கள் அம்மா வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். அம்மா டிவியைப் போடுவதே இல்லை. தம்பி எழுதியவை எல்லாம் கம்ப்யூட்டரோடு போய்விட்டன, கேஸ் நடந்த காலத்தில் அவன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம் என் மகள் பென் டிரைவோடு வந்தாள். "மம்மி, மாமாஸ் ஃபைல்ஸ். ஸ்டில் தேர்" என்றாள். அந்தப் பகிர்வுக் கூட்டத்தில் அவன் வைத்தவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றனவாம். அவனுடைய கம்ப்யூட்டர் போலீஸ் வசம், அவன் சாம்பல் ஆற்றில். ஆனால் எங்கெங்கோ யார் யார் வீட்டிலோ அவன் எழுதியதை எடுத்தவர்கள் ஓடிவிடாமல் திறந்து வைத்திருக்கிறார்கள். அவன் எதற்குத் தண்டனை பெற்றானோ அதையே என் மகள் செய்து எடுத்து வந்திருக்கிறாள். "அடிப்பாவி, ஒரு கேஸ் போதாதா?" என்று கத்தினேன். "நக்கோ கரோ மம்மி" என்று என் வாயை அடக்கிவிட்டு, அம்மம்மாவைக் கைகாட்டினாள்.

படம் ஓடியது. அடியில் தமிழ் வந்தது. அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பேச்சோடு அவன் நிறுத்தவில்லை. சத்தங்களையும் எழுதியிருந்தான். "தூரத்தில் ரயில்." "பக்கத்து ரூமில் குழந்தை அழுகிறது." "யாரோ கதவைத் தட்டுகிறார்கள், இவன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான், சோம்பேறி." நான் மகளுக்குப் படித்துச் சொல்ல, இருவரும் சிரித்துவிட்டோம். அப்புறம் பாட்டு வந்தது. பாட்டின் வரிகள் வரவேண்டிய இடத்தில் இப்படி வந்தது:

"அம்மா, பாட்டு வருது, மாத்திரை போடு. சீன் ஒண்ணும் போகாது."

 அவன் குரலே காதில் கேட்டது. அம்மா கொஞ்சங்கூடப் பதறவில்லை. எழுந்து உள்ளே போய் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, பாட்டு முடிவதற்குள் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இது பழைய வழக்கம். எனக்குத்தான் தெரியாது.

"என்ன எழுதியிருக்கு?" என்று மகள் தெலுங்கில் கேட்டு என் கையைப் பிடித்து உலுக்கினாள். சொன்னேன். அவள் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவன் செய்த தப்பு அதுதான். அம்மாவுக்கு மட்டும் என்று எழுதியதை எடுத்துவிட்டு, வெறும் படப்பேச்சை மட்டும் வெளியே வைக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. பல படங்களில் மறந்துபோயிருக்கிறான். ஊர் பேர் தெரியாத ஆட்கள் எல்லாம் பாட்டு வரும்போது மாத்திரை போட்டிருப்பார்கள். ஒரு படத்தில், "அல்வால் மார்க்கெட்ல கீரை வாங்கிட்டேன், வெயில்ல நீ போகாதே." இன்னொன்றில், "அக்கா வாசல்ல நிக்கிறாளான்னு பாரு. பல்பைப் பார்க்காம படமே பார்த்துட்டிருப்ப. அப்புறம் அந்தப் பிசாசு என்னைத் திட்டும்." நான் உண்மையிலேயே வாசலில் நின்று திட்டியிருக்கிறேன். ஒரு அழுகைப் படத்தில், கதாநாயகி தனியாக ரயிலேறும் இடத்தில், "அம்மா, அழாதே. கடைசியில சேர்ந்துடுவாங்க. நான் பார்த்துட்டேன்" என்று எழுதியிருந்தான். அந்த இடம் வந்தபோது நான் சமையலறைக்கு ஓடிவிட்டேன்.

அதிலிருந்து தினமும் படம். அம்மா டிவியோடு பேசுவாள். அடுப்பில் நிற்கும் எனக்கு அவள் பேச்சு மட்டும் கேட்கும். "போட்டுட்டேன்டா." கொஞ்ச நேரம் கழித்து, "கீரை இன்னிக்கு இல்ல, கத்தரிக்காய்." அப்புறம் ஒரு சிரிப்பு. எதிரில் பேசுபவன் என்ன சொன்னான் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வராது. பார்த்தால் அந்த வரி போயிருக்கும். பொறுக்கமாட்டாமல் ஒரு நாள், "யார்கிட்டம்மா பேசறே?" என்று வாயசைத்தேன். "உன் தம்பிகிட்டதான், வேற யார்கிட்ட?" என்றாள், என்னமோ நான் அசட்டுக் கேள்வி கேட்டதுபோல.

அப்பீலுக்கு நாள் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டில் போய் உட்கார்ந்தேன். எங்கள் வக்கீல் நன்றாகத்தான் பேசினாள். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்ததற்கு வைக்க வேண்டிய சான்றிதழை வைக்கவில்லை, ஆகவே அதில் இருந்ததைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்றாள். இணைய இணைப்பை மாடி வீட்டுக்காரர்களும் சேர்ந்துதான் உபயோகித்தார்கள் என்றாள். அதுவும் உண்மைதான். மிச்சம் இருப்பது படக் கம்பெனிக்காரர்கள் இணையத்திலிருந்து இறக்கி, கோர்ட்டில் கொடுத்த ஒரு படம் மட்டும். "இதன் தொடக்கத்தில் எழுதியவர் பெயர் இருக்கிறது. அது என் கட்சிக்காரர் பெயர் இல்லை. யாரோ ஒருவருடைய பட்டப்பெயர். இது அந்த ஆள் செய்தது" என்றாள்.

தூக்கிவாரிப் போட்டது. தம்பி எதிலும் தன் பெயரைப் போட்டதில்லை. நடுவில் எவனோ ஒரு களவாணி எடுத்து, முகப்பில் தன் பெயரை ஒட்டிவைத்து மறுபடி சுற்றுக்கு விட்டிருக்கிறான். அதைப் பிடித்துத்தான் என் தம்பியை மீட்க வேண்டியிருக்கிறது.

நீதிபதி அந்தப் படத்தைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டச் சொன்னார். மேஜைமேல் லேப்டாப், எனக்கும் திரை தெரிந்தது. பெயர் வந்தது. பார்த்தார்கள். நிறுத்து என்று யாரும் சொல்லாததால் படம் ஓடிக்கொண்டே இருந்தது. தொடக்கத்திலேயே பாட்டு. அடியில் என் தம்பி வந்தான்: "அம்மா, பாட்டு. அல்வால் மார்க்கெட்ல கீரை வாங்கிட்டேன்." அரசு வக்கீல் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வக்கீலும்தான். அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுந்து நின்று அந்த வரியைப் படித்துக் காட்டினால் அவன்தான் என்று நிரூபணமாகிவிடும். படிக்காவிட்டால் அவன் இல்லை என்றாகிவிடும். நாக்கு நுனிவரை வந்தது. அம்மா கேட்டது காகிதத்தைக் கிழிக்கத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் அந்தத் திரையிலிருந்து என்னையே பார்ப்பதுபோல இருந்தது. யாரோ லேப்டாப்பை மூடினார்கள்.

ஜெயித்துவிட்டோம். தண்டனை ரத்து. தீர்ப்பு நகல் வாங்க சைனிக்புரி போனபோது அம்மாவும் வருவேன் என்று அடம் பிடித்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வக்கீல் அவளுக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, நகலைக் கையில் கொடுத்தாள். ஆங்கிலம். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"என்ன போட்டிருக்கு? திருட்டு இல்லன்னு போட்டிருக்கா?"

போனில் அடித்தேன்: "அவன் அதைச் செய்யவில்லை என்று போட்டிருக்கிறது. எழுதியது வேறு யாரோ."

படித்தாள். முகம் மாறியது.

"எதைச் செய்யல?"

"படத்தில் எழுத்துப் போட்டது" என்று அடித்தேன்.

"அவன் பண்ணலைன்னா எனக்கு இதெல்லாம் எவன் எழுதினது?" வக்கீலின் அப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார், அப்படி ஒரு சத்தம். "செஞ்சான், ஆனா அது திருட்டு இல்லன்னு சொல்லச் சொன்னேன். செய்யவே இல்லன்னு யார் சொல்லச் சொன்னது? மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போடு."

வக்கீலிடம் தெலுங்கில் சொன்னேன். அவள் பாவம், திகைத்துப்போனாள். ஜெயித்தவர்கள் அப்பீல் போட முடியாது என்று சொல்லுங்கள் என்றாள். அடித்துக் காட்டினேன்.

"அப்ப அந்தக் கம்பெனிக்காரன் போடட்டும். அவனாவது என் பிள்ளைதான் செஞ்சான்னு சொல்றானே."

அதுவும் முடியாது என்றாள் வக்கீல். இறந்தவருக்குக் கிடைத்த விடுதலையை எதிர்த்து யாரும் அப்பீல் போட முடியாதாம். இனி இந்தத் தீர்ப்பை எவராலும் மாற்ற முடியாது, அம்மா நிம்மதியாக இருக்கலாம் என்று சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக அடித்தேன். அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கத்தவில்லை. காது போன பிறகு முதல் தடவையாகக் குரல் தணிந்து வந்தது.

"அப்ப என் பிள்ளை எனக்கு ஒண்ணுமே செய்யலன்னு நீங்க எல்லாருமாச் சேர்ந்து எழுதி வெச்சுட்டீங்க. இனிமே மாத்தவும் முடியாது."

"என்ன சொல்றாங்க?" என்று வக்கீல் கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் தீர்ப்பு நகலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அம்மாகிட்ட சொல்லுங்க மேடம், வெளியே யார்கிட்டயும் இப்படிப் பேசிட வேண்டாம்னு" என்றாள்.

நான் அதை அடிக்கவில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டு, அம்மாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வக்கீல் காதுபடவே வாயைத் திறந்து சொன்னேன்.

"அவன்தாம்மா செஞ்சான். எல்லாத்தையும் அவன்தான் எழுதினான். உனக்காகத்தான்."

அம்மா என் உதட்டையே பார்த்தாள்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

சொன்னேன்.